நான்கு மனை உடைய நாடோடிகள்

நாடோடி என்னுஞ் சொல்லை நாம் மிக எளிதாக வழங்கிவிடுகின்றோம். இன்று ஓரூர், நாளை வேறூர், வீடில்லை, வாசலில்லை, மனம்போன போக்கிலே திரிபவன் எவனோ அவனே நாடோடி என்பது எம்முட் பலர் கொண்டிருக்குங் கருத்து. மொங்கோலியர் ஏன் ஓரிடத்தில் நிலையாக வாழ்வதில்லை என்று வகுப்பறையில் நாம் வினாவினால், "புல் முடிந்ததும் வேறு புல்லைத் தேடிப் போகின்றனர், சேர்" என்ற விடை உடனே வரும். பாடநூல் அவ்வளவே கூறுகின்றது, மாணவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயின் அவ்விடை பாதி உண்மையே. மற்றைப் பாதியை அறியாதோரும், அறிந்தும் பொருட்படுத்தாதோரும் அம்மக்கள்மீது ஆணை செலுத்த முற்பட்ட காலங்களில் இலட்சக் கணக்கானோர் மாண்டனர். ஆதலின் அந்த மற்றைப் பாதியை இன்று சற்று விரிவாக நோக்குவோம்.

இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைக் கண்டு எழுதிவைத்தவர் ஒருவர் உளர். கி.மு. 100ஆம் ஆண்டை அடுத்து வாழ்ந்த சீன வரலாற்றாசிரியராகிய சீமா சியென், தம் நாட்டுக்கு வடக்கே வாழ்ந்த சியொங்னு மக்களைப் பற்றிக் குறிப்பிடும்போது, அவர் நீரையும் புல்லையுந் தொடர்ந்து செல்வோர், மதில் சூழ்ந்த நகரில்லாதோர், உழவு செய்யாதோர் என்றெல்லாங் கூறுகின்றார். அத்தோடு நில்லாது, ஆயினும் அவருள் ஒவ்வொரு பிரிவினர்க்கும் வகுத்த நிலம் உண்டு என்றுஞ் சேர்த்துக்கொள்கின்றார். பகைவரைப் பற்றி எழுதுங்கால் இவ்வளவு நிதானங் காட்டுவது அரிது. பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1253இல் மொங்கோலியப் பேரரசினுட் பயணஞ்செய்த வில்லியம் ரூப்ருக் என்னுங் கிறித்தவத் துறவியும் இதனையே கண்டார். ஒவ்வொரு தலைவனும் தன் மேய்ச்சல் நிலத்தின் எல்லையை அறிவான் என்றும், எந்தப் பருவத்தில் எங்கே மந்தையை மேய்க்கவேண்டும் என்பதையும் அறிவான் என்றும் அவர் எழுதினார். நீரில்லாத நிலத்தை அவர்கள் குளிர்காலத்தில் மேய்ச்சலுக்கு வைத்துக்கொள்வர், அப்போது வெண்பனியே நீராகின்றது என்று அவர் கண்ட நுட்பத்தை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் அதற்கு வருவோம்.

மஞ்சூரியாவின் எல்லையிலிருந்து கருங்கடலின் வடகரை வரையும் பரந்து கிடக்கும் புல்வெளியை ஸ்தெப்பி என்பர். மொங்கோலியர், கசாக்கியர், கிர்கிசியர் முதலிய மக்களின் தாயகம் இது. கடலுக்கு மிகத் தொலைவில் உள்ளமையால் இங்கு மழை குறைவு; தட்பவெப்பமோ கடுமை. கோடையில் முப்பது பாகைக்கு மேல் வெயில் எறிக்கும் அதே நிலத்திலே, தை மாதத்திற் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை குளிர் இறங்கும். ஒரு பருவத்தில் வாழ்வளிக்கும் இடம் இன்னொரு பருவத்தில் உயிரை வாங்கும். உயர்ந்த மலைச்சமவெளியிற் கோடையில் முழங்காலளவு புல் வளர்ந்து நிற்கும்; குளிர்காலத்தில் அங்கே ஓர் ஆடும் உயிர்தப்பாது. இத்தகைய நாட்டில் ஓரிடத்திலே நிலையாக இருத்தல்தான் அறியாமை.

ஆகவே அம்மக்கள் ஆண்டை நான்காகப் பகுத்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மனையை வகுத்தனர். கசாக்கியர் மொழியிற் குளிர்கால மனைக்குக் கிஸ்தாவ் என்றும், வசந்தகால மனைக்குக் கொக்தேவ் என்றும், கோடை மனைக்கு ஜெய்லாவ் என்றும், இலையுதிர்கால மனைக்குக் குசேவ் என்றும் பெயர். மொங்கோலியர் அவற்றை முறையே ஒவொல்ஜோ, ஹாவர்ஜா, ஜுஸ்லான், நமர்ஜா என்பர். மொழி வேறு, முறை ஒன்று. நான்கு மனைகளுக்குந் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மக்களை வீடில்லாதோர் என்று எவ்வாறு கூறுவது?

நான்கனுள்ளுங் குளிர்கால மனையே தலையாயது. ஏனையவற்றிற் சிறிது முன்பின் நகர்ந்து கூடாரம் அடிக்கலாம். இதில் அது நடவாது. வடகாற்றுக்கு ஒதுக்கான மலையடிவாரமாக, வெயில் படுந் தென்சரிவாக, வெண்பனி ஆழமாகக் குவியாத இடமாகப் பார்த்து அதனைத் தெரிந்தெடுப்பர். கல்லாலோ மரத்தாலோ அமைத்த பட்டி அங்கே நிலையாக இருக்கும். அப்பட்டியின் தரையைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். ஆண்டுக்காண்டு அங்கே அடையும் ஆடுமாடுகளின் பிழுக்கையுஞ் சாணமும் மிதிபட்டு, உலர்ந்து, தடித்த மெத்தைபோல் இறுகிவிடும். உறைந்த மண்ணின் தண்மை மேலே ஏறாதவாறு தடுப்பது இம்மெத்தையே. இரவு முழுவதும் அதன்மேல் நெருங்கிப் படுக்கும் ஆடுகள் விடியுமட்டுஞ் சூடு இழவாதிருக்கும். அதனைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்து அடுப்பெரிப்பதும் உண்டு. மரமில்லாப் புல்வெளியில் உலர்ந்த மாட்டுச்சாணமே விறகு. பல ஆண்டு பயன்படுத்தாத இடத்தில் இம்மெத்தை இராது. புதிய இடத்திற் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தவன் வெறும் பனித்தரையிலேதான் மந்தையை அடைக்கவேண்டும். பழைய மனையின் அருமை அப்போது தெரியும். கசாக்கியரின் குளிர்கால மனைகளை அடுத்து அவர்தம் முன்னோரின் கல்லறைகளும் இருக்கக் காண்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருட் பலர் அங்கே மண்ணாலும் மரத்தாலும் வீடுகளே கட்டிக்கொண்டனர்.

இம்மனையைச் சூழ்ந்த புல்லைக் கோடையில் எவருந் தொடுதல் ஆகாது. அது நின்ற நிலையிலேயே உலர்ந்து, வெண்பனியின் கீழே வைக்கோலாகக் காத்திருக்கும். எமது கமக்காரன் நெல்லை அறுத்துக் கோற்றையில் இடுவான். அவனோ புல்லை அறுக்காமலே நிலத்திற் சேமித்து வைக்கின்றான். கோடையிற் குளிர்ந்த மலைக்கு ஏறிப்போவதற்குப் புதுப்புல் மட்டுங் காரணமன்று. கீழேயுள்ள புல்லை விட்டுவைப்பதும் ஒரு காரணமாகும். இதுவே நாம் முன்னர்க் கூறிய மற்றைப் பாதி.

குளிர்காலத்தில் மேய்ச்சலும் ஒரு கலை. குதிரை தன் குளம்பால் வெண்பனியின் மேலோட்டைக் கிளறி உடைத்துக் கீழுள்ள புல்லை எட்டும். அது மேய்ந்து சென்ற வழியில் மாடும் ஆடும் தொடர்ந்து செல்லும். மாட்டுக்குப் பனியைக் கிளறத் தெரியாது. ஆட்டுக்குத் தெரியினும் வலிமை போதாது. ஆகவே மந்தையிற் குதிரை வைத்திருப்பது ஏறிச் செல்வதற்கு மட்டுமன்று. மொங்கோலியர் குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகிய ஐந்தையுஞ் சேர்த்து ஐவகைச் செல்வமாகக் கொள்வர். உயர்ந்த மலைகளில் மாட்டுக்குப் பதிலாகக் கவரிமா நிற்கும். வறண்ட கோபிப் பகுதியில் இருதிமில் ஒட்டகம் மிகும். ஒவ்வொன்றும் வெவ்வேறு புல்லை வெவ்வேறு உயரத்திற் கடிப்பதாற் பல்வகை மந்தை ஒரே நிலத்தை நன்கு பயன்படுத்துகின்றது. ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றையவை எஞ்சும்.

வசந்தம் என்றதும் எமக்கு மலருந் தென்றலும் நினைவுக்கு வரும். ஸ்தெப்பியிலோ அதுவே மிகக் கொடிய பருவம். குளிர்காலம் முழுவதும் மெலிந்து எலும்புந் தோலுமாக நிற்கும் ஆடுகள் அப்போதுதான் குட்டி ஈனும். பழைய புல் முடிந்துவிட்டது, புதுப்புல் முளைக்கவில்லை, புழுதிக்காற்றும் இடையிடையே பனிப்புயலும் வீசும். புதிதாக ஈன்ற குட்டிகளைக் கூடாரத்துக்குள்ளே கொண்டுவந்து அடுப்பருகிற் கிடத்துவர். குடும்பத்தில் எவருக்கும் உறக்கமில்லை.

அதனைக் கடந்தால் கோடை. மலைமீதுள்ள மேய்ச்சல் நிலங்களுக்குப் பல குடும்பத்தாரும் ஒருங்கே ஏறுவர். கிர்கிசிய நாட்டிலே மூவாயிரம் மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள சொங்கோல் ஏரியின் கரையில் இன்றுங் கோடைதோறும் வெண்கூடாரங்கள் எழுகின்றன. அதுவே பாலின் பருவம். குதிரைப் பாலைத் தோற்பையில் இட்டு நெடுநேரங் கடைந்து புளிக்கவைத்த பானத்தைக் கசாக்கியர் கும்மிஸ் என்றும் மொங்கோலியர் ஐராக் என்றும் கூறிப் பருகுவர். பாலாடை, வெண்ணெய், வெயிலிற் காயவைத்துக் கல்போல் இறுகிய தயிர்க்கட்டி என்பனவற்றைப் பெண்கள் குளிர்காலத்துக்காகச் சேமிப்பர். இவற்றை மொங்கோலியர் வெள்ளை உணவு என்பர்; இறைச்சி சிவப்பு உணவு. கோடையில் வெள்ளை, குளிரிற் சிவப்பு என்பது அவர்தம் உணவு ஒழுங்கு. மயிர் கத்தரிப்பதும், அதனை நனைத்து உருட்டி அமுக்கித் தடித்த கம்பள விரிப்பாகத் திரட்டுவதும், திருமணமும், குதிரைப்பந்தயமும் இக்காலத்திலேயே நிகழும்.

அவ்விரிப்புகளாலே போர்த்த வட்டக்கூடாரத்தை இரண்டொரு மணி நேரத்திற் கழற்றி ஒட்டகத்திலோ வண்டியிலோ ஏற்றிவிடலாம். மடித்து விரிக்கத்தக்க சட்டச்சுவர், அதன்மேற் குடைக்கம்பிபோற் சாய்ந்த கழிகள், உச்சியிலே புகைபோக வட்டவாய். அவ்வளவே அதன் அமைப்பு. மொங்கோலியர் வாயிலைத் தெற்கு நோக்கி வைப்பர். தலைவனின் பாசறைக்கு அக்காலத்தில் ஒர்து என்று பெயர். எமக்குப் பழக்கமான உருது என்னும் மொழிப்பெயர் அச்சொல்லின் வழிவந்ததே. மொகலாயரின் பாசறை தில்லியில் அமைந்தபோது அங்கு வழங்கிய மொழிக்கும் அதன் பெயரே நிலைத்துவிட்டது.

எல்லோரும் ஒரே தொலைவு செல்கின்றனர் என்று கருதிவிடுதல் கூடாது. மலைநாட்டுக் கிர்கிசியர் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக்கும் மேட்டிலிருந்து பள்ளத்தாக்குக்குமாக ஏறி இறங்குவர். மொங்கோலியாவின் ஹங்காய் மலைப்பகுதியினர் பல வேளைகளிற் சில பத்துக் கிலோமீற்றருக்குள்ளேயே நான்கு மனைகளையும் முடித்துக்கொள்வர். கசாக்கியக் குலங்களுட் சிலவோ குளிர்காலத்தைச் சிர்தார்யா ஆற்றின் அயலிற் கழித்து, வசந்தம் வந்ததும் வடக்கே புறப்பட்டு, ஆயிரங் கிலோமீற்றர் அளவுஞ் சென்று, இலையுதிர்காலத்தில் அதே தடத்தில் மீளும். வழியிலுள்ள கிணறுகளில் எக்குலம் எப்போது தங்கலாம் என்பதில் வழக்கமும் உடன்பாடும் இருந்தன. பிணக்குகளும் இருந்தன, அவற்றை மறைப்பதற்கில்லை. குளிர்கால மனையும் கிணறும் குடும்பத்துக்கு அல்லது குலத்துக்கு உரியன. பரந்த கோடைப் புல்வெளி பொது. உடைமையே அறியாத மக்கள் என்று இவரைக் கூறுவோர் கோடையில் மட்டும் வந்து பார்த்தவராதல் வேண்டும்.

அங்ஙனம் கோடையிற் பார்த்துக் கணக்கெடுத்தவர்களும் இருந்தனர். 1896ஆம் ஆண்டு ருஷ்ய அரசு ஷெர்பீனா என்னும் புள்ளிவிபரவியலாளரின் தலைமையில் ஒரு குழுவைக் கசாக்கியர் நிலத்துக்கு அனுப்பியது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம் போதும் என அக்குழு கணக்கிட்டது. அதற்கு மேற்பட்டது மிகைநிலம் எனப்பட்டு ருஷ்ய உழவர்க்கு வழங்கப்பட்டது. 1896க்கும் 1916க்கும் இடையிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குடியேறிகள் வந்தனர். ஆட்டுக்குப் பன்னிரண்டு மாதமும் பசிக்கும் என்பதையும், ஒரு பருவத்தில் வெறுமையாகக் கிடக்கும் நிலம் இன்னொரு பருவத்தின் சேமிப்பு என்பதையும் அக்கணக்கு உரியவாறு கொள்ளவில்லை.

துருக்கிய நாட்டிலும் இத்தகைய ஒன்று நிகழ்ந்தது. அங்கேயும் மந்தைமக்கள் கோடையிற் றோரஸ் மலைக்கு ஏறிக் குளிர்காலத்திற் சுக்குரோவாச் சமவெளிக்கு இறங்கி வாழ்ந்தனர். ஒஸ்மானிய அரசின் படை 1865இல் அவரைச் சமவெளியிலே குடியிருத்தி மலைவழியை அடைத்தது. அவர் மலைக்கு ஏறியது மந்தைக்காக மட்டுமன்று. கோடையில் அச்சதுப்புச் சமவெளியிற் பெருகும் மலேரியாக் காய்ச்சலுக்குத் தப்புதற்காகவுமாகும். வழியடைத்த பின்னர்க் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று.

இவையெல்லாம் 1930ஆம் ஆண்டுக்குப் பின் கசாக்கிஸ்தானில் நிகழ்ந்ததன்முன் சிறியவையே. ஸ்டாலினின் ஆட்சியில் அப்பகுதியின் கட்சித் தலைவராயிருந்தவர் கொலோஷ்ச்யோகின் என்பவர். செல்வர் எனப்பட்டோரின் மந்தைகள் 1928இற் பறிக்கப்பட்டன. அடுத்துக் கூட்டுப்பண்ணை முறையும், அதனோடு நாடோடி வாழ்வை ஒழித்து மக்களை ஓரிடத்தில் இருத்தும் திட்டமும் வந்தன. தானியம் விளைவிக்காத மேய்ப்பரிடமுந் தானியவரி கேட்கப்பட்டது. அவர் ஆட்டை விற்றுத் தானியம் வாங்கிச் செலுத்தினர். பின்னர் நகரங்களுக்காக இறைச்சிவரியும் விதிக்கப்பட்டது. குடியேற்றப்புள்ளி என்று வரைபடத்திற் குறித்த இடங்களில் மக்களும் மந்தையும் ஒருங்கே திரட்டப்பட்டனர். பல இடங்களில் வீடுமில்லை, போதிய நீருமில்லை. நூறு மனைகளிற் பிரிந்து மேயவேண்டிய மந்தையை ஒரே இடத்தில் அடைத்தால் என்ன நிகழும் என்பதை எந்த மேய்ப்பனுங் கூறியிருப்பான். சில நாளிற் சூழவுள்ள புல் முடிந்தது, வைக்கோல் சேமிக்கப்படவில்லை, குளிர் வந்தது. 1928இல் ஏறத்தாழ நான்கு கோடியாயிருந்த கால்நடை 1933இல் ஐம்பது இலட்சத்துக்குங் கீழே போயிற்று. மந்தையோடு மக்களும் போயினர். 1930 முதல் 1933 வரை மாண்டோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். அவருட் பெரும்பாலார் கசாக்கியர். அவ்வினத்தாருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அம்மூன்றாண்டில் அழிந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் சீனாவுக்கும் அயல்நாடுகளுக்கும் ஓடினர்.

எவரும் எடுத்துச்சொல்லவில்லையா எனின், சொன்னார்கள். 1932ஆம் ஆண்டு ஆடி மாதம் கசாக்கியர் ஐவர் கையொப்பமிட்டுக் கொலோஷ்ச்யோகினுக்கு ஒரு கடிதம் அனுப்பினர். கசாக்கியராய்ப் பிறந்து மொஸ்கோவில் உயர்பதவி வகித்த துரார் ரிஸ்குலொவ், பட்டினியின் நிலையை விரிவாக எழுதி ஸ்டாலினுக்கே விடுத்தார். அவர் 1938இற் சுடப்பட்டு இறந்தார். பல்லாண்டுகள் இதுபற்றி வாய்திறத்தல் இயலாதாயிற்று. இப்போது ஆண்டுதோறும் மே 31ஆம் நாளைக் கசாக்கிஸ்தான் நினைவுநாளாகக் கொள்கின்றது.

மொங்கோலியாவின் கதை சற்று வேறு. அங்கும் 1930ஐ அடுத்து மந்தைகளைப் பறிக்க முயன்றனர். 1932இற் பெருங்கலகம் மூண்டதனால் அரசு பின்வாங்கியது. 1950களில் மீண்டுந் தொடங்கிய கூட்டுப்பண்ணை முறை அப்பத்தாண்டின் இறுதியில் நிறைவேறியது. ஆயின், இம்முறை மந்தையைப் பொதுவாக்கினரேயன்றி நான்கு மனைகளை ஒழிக்கவில்லை. இடம்பெயர்வதற்கு லொறி வந்தது, கிணறு தோண்டப்பட்டது, இடர்க்காலத்துக்கு வைக்கோல் சேமிக்கப்பட்டது. 1990களில் அம்முறை குலைந்ததும் மந்தைகள் தனியாருக்குப் பிரிக்கப்பட்டன. தொழில் இழந்த நகரத்தார் பலரும் ஆடு மேய்க்கப் புறப்பட்டனர். லொறி இல்லை, கிணறுகள் பழுதாயின. தூரம் போவோர் குறைந்து, பாதையும் சந்தையும் உள்ள இடங்களை அண்டியே பலரும் தங்கலாயினர். கஷ்மீர்க் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்தமையால் வெள்ளாடு பெருகிற்று. 1990இல் ஏறத்தாழ ஐம்பது இலட்சமாயிருந்த வெள்ளாடு 2019இல் இரண்டு கோடியே தொண்ணூறு இலட்சமளவாயிற்று. கால்நடை முழுவதுஞ் சேர்த்து ஏழு கோடி. வெள்ளாடு புல்லை அடியோடு கடிக்கும் என்பதை யாழ்ப்பாணத்து வேலிக்காரரும் அறிவர். கம்பளிக்கு விலை கூறும் வணிகனுக்கு அது கவலையன்று.

இங்கேதான் ரூப்ருக் கண்ட வெண்பனிக்கு மீள்கின்றோம். மந்தை மடியும் பேரிடரைச் சிறு ஒலிவேறுபாட்டோடு மொங்கோலியரும் கசாக்கியரும் ஜுட் என்பர். வெண்பனி ஆழமாய்ப் பெய்து புல் எட்டாதுபோனால் அது வெள்ளை ஜுட். பனியே பெய்யாது போனால் குடிக்க நீரின்றி மடியும். அது கறுப்பு ஜுட். பனி உருகி மீண்டும் உறைந்து நிலத்தைக் கண்ணாடிபோல் மூடினால் இரும்பு ஜுட். குதிரையின் குளம்புக்கும் அது உடையாது. கோடையில் மழை பொய்த்து மந்தை கொழுப்பேறாதிருக்கும் ஆண்டில் இவற்றுள் ஒன்று வந்தால் அழிவு பெரிது. 1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து வந்த மூன்று குளிர்காலங்களில் மொங்கோலியா ஒரு கோடிக்கு மேற்பட்ட கால்நடைகளை இழந்தது. 2009ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் ஐந்திலொரு பங்கு அழிந்தது. 2023இல் தொடங்கி 2024 வரை நீடித்த குளிரில் எழுபது இலட்சத்துக்கு மேல் மாண்டன. ஜுட் பழங்காலத்திலும் வந்தது. அக்காலத்தில் மேய்ப்பன் வேற்றுநிலத்துக்கு மந்தையை ஓட்டிப்போக வழியிருந்தது. விட்டுவைத்த புல்லும் இருந்தது.

மொங்கோலியாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்கு உடைமையாக்குதலைத் தடுக்கின்றது. 2002இல் இயற்றிய நிலச்சட்டம் குளிர்கால மனையையும் வசந்தகால மனையையும் மேய்ப்பர் தம் பொறுப்பில் வைத்திருக்க இடமளிக்கின்றது. சியொங்னு காலத்து வழக்கம் சட்டமாகியதை நாம் வரவேற்கலாம். ஆயின் மனை நிற்கும் சிறுநிலத்துக்குத்தான் பத்திரம் உண்டு. சுற்றியுள்ள புல்லுக்கு இல்லை. கோடை முடிந்து இறங்கிவரும் குடும்பம், தான் விட்டுச்சென்ற புல்லைப் பிறர் மந்தை மேய்ந்து தீர்த்திருப்பதைக் கண்டு முறையிடுவது வழமையாகிவிட்டது. முன்னர் அயலவன் சொல்லுக்கு இருந்த கட்டுப்பாடு, யார் எவர் என்றறியாத புதியவருக்கு இல்லை.

மந்தை இழந்தோர் தலைநகராகிய உலான்பாத்தருக்கு வருகின்றனர். நாட்டு மக்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் இன்று அந்நகரிலேயே வாழ்கின்றனர். நகரைச் சூழ்ந்த குன்றுகளில் மரவேலிகளுக்கு நடுவே அவர்தம் வட்டக்கூடாரங்கள் ஆயிரக் கணக்கில் நெருங்கி நிற்கின்றன. சாணம் எரித்த அடுப்பில் நிலக்கரி எரிந்தது. குளிர்காலத்திற் புகை நகரை மூடிற்று. 2019ஆம் ஆண்டு மே மாதம் அரசு பதப்படுத்தாத நிலக்கரியை அங்கே தடைசெய்து, அழுத்திச் செய்த கரிக்கட்டியைக் கொடுத்தது. இரண்டு மணியிற் கழற்றத்தக்க வீடு ஆண்டு முழுவதும் ஒரே வேலிக்குள் நிற்கின்றது. எனினும் ஆனி பிறந்ததும் நகரத்தாருள் வசதியுள்ளோர் அயலிலுள்ள பள்ளத்தாக்குகளிற் கட்டிவைத்த சிறு வீடுகளுக்குக் குடும்பத்தோடு போய்விடுவர். அங்கிருந்தே அலுவலகத்துக்குப் பேருந்திலும் மோட்டார் வண்டியிலும் வந்துபோவர். குளிர் தொடங்கியதும் மீளுவர். அச்சிறு வீட்டுக்கு அவர் வழங்கும் பெயர் ஜுஸ்லான்.